நோன்பும் நலமும்: கிரேக்கக் காய்கறி உணவு சமண அடுக்களைக்கு வரும்போது

இதய நோய்க்கோ நீரிழிவுக்கோ சிகிச்சை பெற்று வீடு திரும்புவோரின் கையில் மருந்துச் சீட்டோடு உணவுக் குறிப்பு ஒன்றும் தரப்படுகிறது. காய்கறி, பருப்பு, கீரை, முழுத் தானியம், அளவான நல்லெண்ணெய் அல்லது கடலை எண்ணெய் என்று அக்குறிப்பு பேசும். மத்தியதரைக் கடற்பகுதி உணவு முறையைப் பின்பற்றலாம் என்ற அறிவுரையும் இன்று பரவலாகக் கூறப்படுகிறது. ஆனால் அம்முறையைச் சார்ந்த சமையற்குறிப்புகளைத் தேடிப் படித்தால், ஏறத்தாழ ஒவ்வொன்றும் வெங்காயத்தையும் பூண்டையும் வதக்குவதில்தான் தொடங்குகிறது. சமண நெறியில் நிற்கும் குடும்பம் அந்த முதல் வரியிலேயே தாளை மூடி வைத்துவிடுகிறது.

அவ்வாறு மூடி வைக்க வேண்டியதில்லை என்பதே இக்கட்டுரையின் கருத்து. கிரேக்கக் காய்கறி உணவின் நன்மை வெங்காயத்தில் தங்கியிருக்கவில்லை. நோன்பைக் கைவிடாமலும் மருத்துவரின் அறிவுரையைக் கைவிடாமலும் உண்ண வழி உண்டு. அவ்வழியைச் சமண அன்பர்களுக்காக எழுதுகிறோம். செரிமானக் கோளாற்றினால் வெங்காயமும் பூண்டும் ஒவ்வாத ஏனைய நோயாளர்க்கும் இது பயன்படும்.

நம் மண்ணும் சமணமும்

புதுக்கோட்டை மாவட்டத்தாருக்குச் சமணம் புதிதன்று. நகரிலிருந்து சுமார் 16 கி.மீ. தொலைவிலுள்ள சித்தன்னவாசலில், ஏழடிப்பட்டம் எனப்படும் குகைத்தளத்தில் துறவியர்க்கென வழவழப்பாகச் செதுக்கப்பட்ட 17 கற்படுக்கைகள் இன்றும் உள்ளன. அவற்றுள் ஒன்றன் அருகே பொறிக்கப்பட்டுள்ள தமிழ்ப் பிராமி எழுத்துகள் சுமார் 2000 ஆண்டுப் பழமை உடையவை. மலையின் மேற்குப் புறத்திலுள்ள அறிவர் கோயிலின் விதானத்தில், கி.பி. 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் தாமரைக் குளம் ஓவியம் உள்ளது. மீனும் பறவையும் யானையும் மலர் பறிக்கும் மனிதரும் அதில் ஒரே நீரில் அச்சமின்றி உலவுகின்றனர். சமண உணவு நெறியின் அடிப்படையும் அதுவே: பிற உயிர்க்குத் துன்பம் இழைக்காமல், தவிர்க்க இயலாத இடத்தில் அதனை இயன்ற அளவு குறைத்து வாழ்தல்.

விழுப்புரம், திருவண்ணாமலை, காஞ்சிபுரம் பகுதிகளில் தமிழ்ச் சமணர்கள் வாழ்கின்றனர். செஞ்சியை அடுத்த மேல்சித்தாமூரில் அவர்களது மடம் உள்ளது. வணிகத்தின் பொருட்டு இராசஸ்தான், குசராத்து மாநிலங்களிலிருந்து வந்து தமிழக நகரங்களில் தலைமுறைகளாக வாழ்வோரும் உளர். இவர்கள் அனைவரும் ஒரே அளவில் உணவு விலக்கைக் கடைப்பிடிப்பதில்லை. ஆகவே கீழே கூறுவனவற்றைப் பொதுக் குறிப்பாகக் கொண்டு, அவரவர் குடும்ப வழக்கத்திற்கு ஏற்பப் பொருத்திக்கொள்ள வேண்டுகிறோம்.

விலக்கப்படுபவை எவை?

புலால், மீன், முட்டை, மது, தேன் ஆகியவை முற்றாக விலக்கு. வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட், பீட்ரூட், முள்ளங்கி போன்ற நிலத்தடியில் விளைவனவும் விலக்கு. ஒரே கிழங்கில் எண்ணற்ற உயிர்கள் உறைகின்றன என்பதும், அதனைப் பிடுங்கும்போது செடி முழுதும் அழிவதோடு மண்ணிலுள்ள சிற்றுயிர்களும் மாய்கின்றன என்பதும் இதற்குரிய காரணங்கள். காளான், அத்திப்பழம் ஆகியவற்றையும் உண்பதில்லை. விதை மிகுந்த கத்தரிக்காயைப் பலர் தவிர்க்கின்றனர். பூச்சி ஒளிந்திருக்கும் என்பதால் காலிஃபிளவரைத் தவிர்ப்போரும் உண்டு. பச்சை இஞ்சி, பச்சை மஞ்சள் ஆகியவற்றை ஒதுக்குவோரும் உலர்ந்த சுக்கையும் மஞ்சள் தூளையும் பெரும்பாலும் ஏற்கின்றனர். நிலக்கடலை மண்ணுக்குள் விளைந்தாலும் அது கிழங்கன்று, விதையே என்பதால் பொதுவாக ஏற்கப்படுகிறது.

பொருளில் மட்டுமன்றிக் காலத்திலும் கட்டுப்பாடு உண்டு. கதிரவன் மறைந்தபின் உண்பதில்லை. சிலர் நீரும் அருந்துவதில்லை. முந்தைய நாள் சமைத்த உணவு ஆகாது. புளிக்கவைத்த காடி விலக்கு. காய்ச்சாத பாலையோ அதிலிருந்து பெற்ற தயிரையோ பருப்பு வகைகளுடன் கலப்பதில்லை. மழைக்காலத்து நான்கு மாதங்களில் கீரையைப் பலர் விடுகின்றனர்.

கிரேக்க உணவும் ஒரு நோன்பின் பிள்ளையே

அமெரிக்க அறிஞர் ஆன்சல் கீஸ் 1958ஆம் ஆண்டில் ஏழு நாடுகளின் ஆடவரிடையே இதய நோய் குறித்த நெடுங்கால ஆய்வு ஒன்றைத் தொடங்கினார். கிரேக்க நாட்டைச் சேர்ந்த கிரீட் தீவின் உழவர்களிடையே இதய நோய் இறப்பு மிகக் குறைவாக இருந்தது. அவர்கள் கடும் உடலுழைப்பாளர்கள். எனவே உணவு ஒன்றே காரணம் என்று சொல்லிவிட இயலாது. எனினும் காய்கறி, பயறு, கீரை, பழம், ஒலிவ எண்ணெய் ஆகியவை நிறைந்து, புலால் குறைந்திருந்த அவர்களது தட்டு உலகின் கவனத்தை ஈர்த்தது. பின்னர் வந்த பல ஆய்வுகளும் தனியொரு பொருளைச் சுட்டாமல், முழு உணவு முறையின் பயனையே வலியுறுத்துகின்றன.

அந்தக் காய்கறி உணவு வளர்ந்ததற்குச் சமய நோன்பும் ஒரு காரணம். கிரேக்க மரபுவழித் திருச்சபையின் நோன்பு நாள்களைக் கூட்டினால் ஆண்டில் ஏறத்தாழப் பாதி ஆகும். அந்நாள்களில் புலால், பால், முட்டை ஆகியவை விலக்கு. ஆகவே காய்கறியையும் பயற்றையும் எண்ணெயில் மெல்ல வேகவைத்துச் சுவை கூட்டும் கலையை அங்குள்ள இல்லத்தரசியர் வளர்த்தெடுத்தனர். 'லாதி' என்றால் எண்ணெய். எண்ணெயில் வெந்த இக்காய்கறி உணவுகளுக்கு 'லாதெரா' என்று பெயர். இறைச்சியின்றி அரிசியும் இலைகளும் மட்டும் அடைத்த தக்காளியை 'அநாதை' என்றே அவர்கள் வேடிக்கையாக அழைப்பதுண்டு. ஒரு நோன்பு உருவாக்கிய உணவை மற்றொரு நோன்பிற்குப் பொருத்துவது எளிதே.

இவ்வுணவுகள் மாற்றக்கூடாத பழமை உடையவையும் அல்ல. லாதெராவின் உயிர்நாடியாகிய தக்காளியும், பீன்ஸும், குடைமிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை; நம் சாம்பாரிலும் பொரியலிலும் நுழைந்தது போலவே கிரேக்கச் சட்டியிலும் பிற்காலத்தில் நுழைந்தவை.

வெங்காயத்தின் மூன்று பணிகள்

வெங்காயத்தை நீக்கிவிட்டு எஞ்சியதைச் சமைத்தால் உணவு வெறுமையாக இருக்கும். நோயாளர் இரண்டு வாயுடன் நிறுத்திவிடுவார். அது செய்துவந்த பணிகளை வேறு பொருள்களிடம் ஒப்படைக்க வேண்டும்.

முதற்பணி இனிப்பு. துருவிய மஞ்சள் பரங்கிக்காயை எண்ணெயில் பொன்னிறமாக வதக்கினால் அந்த இனிப்பு கிடைக்கும். இரண்டாவது பணி குழம்பிற்குத் திண்மை தருதல். துருவிய சுரைக்காயோ ஒரு கைப்பிடி பாசிப்பருப்போ அதனைச் செய்யும். மூன்றாவது பணி மணம். இதற்கு நம் பெருங்காயம் போதும். சூடான எண்ணெயில் பொரியும்போது அதன் கந்தகச் சேர்மங்கள் பூண்டை ஒத்த மணத்தைத் தருகின்றன. கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை அல்லது மைதா மாவு கலந்திருக்கும். கோதுமைப் புரதம் ஒவ்வாதோர் உறையைப் படித்து வாங்க வேண்டும்.

மற்றப் பொருள்களுக்கும் ஈடு நம் ஊரிலேயே உண்டு. கிரேக்கர் பயன்படுத்தும் ஓரிகானோ இலைக்கு மணம் தரும் எண்ணெய் வகை நம் வீட்டுத் தொட்டியில் வளரும் கற்பூரவல்லியிலும் உண்டு. டில் என்பது நம் சதகுப்பைக் கீரையே. பார்ஸ்லிக்கு மாற்றாகக் கொத்தமல்லித்தழை. காடிக்கு மாற்றாக எலுமிச்சைச் சாறு. உருளைக்கிழங்கிற்கு மாற்றாக வாழைக்காய். கத்தரிக்காய்க்கு மாற்றாகச் சுரைக்காய் அல்லது பீர்க்கங்காய். ஃபெட்டா பாலாடைக்கட்டியை உறைய வைக்க மரபாக இளம் விலங்குகளின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதியைப் பயன்படுத்துவர். உப்பும் அதில் மிகுதி. வீட்டில் எலுமிச்சைச் சாறு விட்டுத் திரித்து அன்றே உண்ணும் பன்னீர் அதற்கு ஏற்ற மாற்று.

ஒலிவ எண்ணெய் வாங்க வசதியில்லையே என்று கவலற்க. நம் மாவட்டத்தில் விளையும் நிலக்கடலையின் எண்ணெயிலும், ஒலிவ எண்ணெயில் மிகுந்துள்ள ஒலியிக் அமிலம் கணிசமாக உள்ளது. அளவே முக்கியம். கிரேக்கர் ஊற்றும் தாராளத்தை நாம் பின்பற்ற வேண்டியதில்லை. கீழ்வரும் முதலிரு சமையற்குறிப்புகளில் ஒருவர்க்குச் சுமார் 10 கிராம் எண்ணெயே வரும். மூன்றாவதில் அதனினும் குறைவு.

மூன்று உணவுகள் (நால்வர்க்கு)

1. பீன்ஸ் லாதெரா (ஃபாசொலாக்கியா)

வேண்டியவை: பீன்ஸ் 400 கிராம், பழுத்த தக்காளி 300 கிராம், துருவிய பரங்கிக்காய் 100 கிராம், கடலை எண்ணெய் 3 மேசைக்கரண்டி, பெருங்காயத்தூள் கால் தேக்கரண்டி, மிளகுத்தூள் அரைத் தேக்கரண்டி, கற்பூரவல்லி இலை 3, கொத்தமல்லித்தழை ஒரு கைப்பிடி, உப்பு அரைத் தேக்கரண்டி, எலுமிச்சை அரை மூடி.

செய்முறை: அடிகனமான பாத்திரத்தில் 2 மேசைக்கரண்டி எண்ணெயைக் காயவைத்துப் பெருங்காயத்தைப் பொரிக்கவும். பரங்கித் துருவலைச் சேர்த்துச் சிறு தீயில் 8 நிமிடம் வதக்கவும். நறுக்கிய தக்காளியைச் சேர்த்து, எண்ணெய் பிரியும் வரை சுமார் 10 நிமிடம் கிளறவும். பீன்ஸ், உப்பு, மிளகு, நறுக்கிய கற்பூரவல்லி, அரை டம்ளர் வெந்நீர் சேர்த்து மூடி, மிகச் சிறு தீயில் 35 நிமிடம் வேகவிடவும். நம் பொரியல் போலக் காய் நறுக்கென்றிருத்தல் கூடாது. வாயில் கரைய வேண்டும். இறக்கியபின் எஞ்சிய எண்ணெயையும் எலுமிச்சைச் சாற்றையும் கொத்தமல்லியையும் சேர்க்கவும். பல் இல்லாத முதியோர்க்கும் இது ஏற்றது. பீன்ஸுக்குப் பதில் அவரைக்காயோ கொத்தவரங்காயோ கொள்ளலாம். வெண்டைக்காயில் செய்தால் அதுவே 'பாமியெஸ்'. அதன் வழவழப்பு நீங்க, நறுக்காமல் எலுமிச்சைச் சாறு தடவிச் சற்று நேரம் வைத்துப் பின் சேர்க்கவும்.

2. சாமை அடைத்த தக்காளி, குடைமிளகாய் (யெமிஸ்தா)

வேண்டியவை: பெரிய தக்காளி 4, குடைமிளகாய் 4, சாமை அரிசி 150 கிராம், வாழைக்காய் 1, கடலை எண்ணெய் 3 மேசைக்கரண்டி, பெருங்காயத்தூள் கால் தேக்கரண்டி, துருவிய சுரைக்காய் 100 கிராம், புதினா, சதகுப்பைக் கீரை தலா ஒரு கைப்பிடி, முந்திரிப் பருப்பு 8, மிளகுத்தூள் சிறிது, உப்பு அரைத் தேக்கரண்டி.

செய்முறை: தக்காளியின் மேற்புறத்தை மூடிபோல் அரிந்து, உள்சதையைக் கரண்டியால் எடுத்து வைக்கவும். குடைமிளகாயின் விதையை நீக்கவும். பாதி எண்ணெயில் பெருங்காயம், சுரைக்காய், முந்திரி ஆகியவற்றை வதக்கி, கழுவிய சாமையையும் தக்காளிச் சதையில் பாதியையும் ஒரு டம்ளர் நீரையும் சேர்த்து அரைவேக்காடாக வேகவிடவும். இலைகளும் உப்பும் மிளகும் கலந்து காய்களில் முக்கால் பங்கு அடைத்து, மூடியால் மூடவும். அகன்ற பாத்திரத்தில் நெருக்கமாக அடுக்கி, இடையிடையே வாழைக்காய்த் துண்டுகளைச் செருகவும். எஞ்சிய தக்காளிச் சதையையும் எண்ணெயையும் அரை டம்ளர் நீரையும் சுற்றிலும் ஊற்றி, இறுக மூடிச் சிறு தீயில் 40 நிமிடம் வைக்கவும். அடுமனை அடுப்பு வேண்டியதில்லை. நீரிழிவு உடையோர் வாழைக்காயையும் சாமையையும் சோற்றுக்கு ஈடாகவே கணக்கிட வேண்டும். இதனோடு தனியே சோறு கொள்ளலாகாது.

3. பாசிப்பருப்பு மசியல் (ஃபாவா)

வேண்டியவை: பாசிப்பருப்பு 200 கிராம், நீர் 600 மி.லி., கடலை எண்ணெய் 2 மேசைக்கரண்டி, மஞ்சள் தூள் ஒரு சிட்டிகை, வறுத்த சீரகப்பொடி அரைத் தேக்கரண்டி, எலுமிச்சை ஒன்று, உப்பு கால் தேக்கரண்டி. மேலே தூவ: பொடியாக நறுக்கிய வெள்ளரிக்காய், மாங்காய்.

செய்முறை: பருப்பை மஞ்சளுடன் குழைய வேகவைத்து மத்தால் கடையவும். உப்பு, எண்ணெய், எலுமிச்சைச் சாறு, சீரகம் கலந்து ஆறவிட்டால் இறுகும். கிரேக்கர் மேலே பச்சை வெங்காயம் தூவுவர். நாம் வெள்ளரியும் மாங்காயும் தூவுகிறோம். விழுங்கச் சிரமப்படுவோர்க்கு எதனையும் தூவாமல், உணவியலாளர் கூறும் பதத்தில் தரவும். இதனுடன் தயிர்ப் பச்சடி வேண்டாம். பருப்போடு தயிர் சேரலாகாது என்ற நெறி இங்கு நினைவில் இருக்கட்டும்.

மாற்ற இயலாத உணவுகளும் உண்டு. பூண்டையே முதலாகக் கொண்ட 'ஸ்கொர்தால்யா' போன்றவற்றை விட்டுவிடுவதே நன்று. பூண்டு நீங்கினால் அவ்வுணவே இல்லை. காய்கறியைத் தவிர்க்கும் நாள்களில் உலர்ந்த மொச்சையை ஊறவைத்து வேகவைத்து, தக்காளிக்குப் பதில் சிறிது புளிக்கரைசலும் மிளகும் எண்ணெயும் சேர்த்து உண்ணலாம். பெரிய வெள்ளை மொச்சை போன்ற பயற்றில் கிரேக்கர் செய்யும் 'யீகந்தெஸ்' இதன் உறவே.

லாதெராவை ஆறவைத்து மறுநாளும் உண்பது கிரேக்க வழக்கம். சமண நெறி அதனை ஏற்பதில்லை. நோய் எதிர்ப்பாற்றல் குன்றியிருக்கும் நோயாளர்க்கும் அன்றன்று சமைத்து அன்றே உண்பதே பாதுகாப்பு. ஆகவே அளவைக் குறைத்துச் சமைக்கவும்.

நோய்க்கேற்ற எச்சரிக்கைகள்

சிறுநீரக நோயாளர்: தக்காளி, கீரை, பருப்பு, புளி ஆகியவற்றில் பொட்டாசியம் மிகுதி. இரத்தத்தில் அதன் அளவு கூடியிருப்போர் இக்குறிப்புகளை அப்படியே பின்பற்றலாகாது. நறுக்கிய காய்களை மிகுந்த நீரில் வேகவைத்து அந்நீரை வடித்துவிட்டால் பொட்டாசியம் ஓரளவு குறையும். உங்களுக்குரிய அளவை உணவியலாளரே கூற வேண்டும்.

இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின், அசினோகூமரால் மாத்திரை உட்கொள்வோர்: கீரையிலுள்ள வைட்டமின் கே இம்மருந்துகளின் ஆற்றலை மாற்றும். கீரையை முற்றாக ஒதுக்க வேண்டியதில்லை. வாரந்தோறும் ஒரே அளவில் உண்பதே முக்கியம். மழைக்காலத்தில் கீரையை விடும் வழக்கமுடையோர், விடுவதற்கு முன்பும் மீண்டும் தொடங்குவதற்கு முன்பும் மருத்துவரிடம் தெரிவித்து, இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

இரத்தக் கொதிப்பு உடையோர்: நாளொன்றுக்கு உப்பு 5 கிராமுக்குள் இருத்தல் வேண்டும் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் அறிவுரை. உப்புநீரில் ஊறிய ஒலிவக் காயும் நம் ஊறுகாயும் இவர்களுக்கு ஆகா.

நீரிழிவு உடையோர்: நம் ஊரில் கதிரவன் மறையும் நேரம் பருவத்திற்கேற்ப மாலை 5.50 முதல் 6.40 வரை அமைகிறது. அதன்பின் மறுநாள் காலை வரை ஏறத்தாழ 12 மணி நேரம் வயிறு வெறுமையாக இருக்கும். இன்சுலின் அல்லது கிளிமிபிரைடு போன்ற மாத்திரை கொள்வோர்க்கு இடையில் சர்க்கரை அளவு ஆபத்தான நிலைக்குத் தாழக்கூடும். நடுக்கம், வியர்வை, படபடப்பு, குழப்பம் ஆகியவை அறிகுறிகள். அளவு 70 மி.கி.க்குக் கீழ் இருந்தால் உடனே 3 தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மீண்டும் சோதிக்க வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதனையும் ஊற்றாமல் மருத்துவமனைக்குக் கொண்டு வர வேண்டும். உயிர் காக்கும் அவ்வேளையில் இரவு நோன்பு குறித்து என்ன செய்வது என்பதைக் குடும்பப் பெரியோரிடமும் தங்கள் குருவிடமும் முன்கூட்டியே பேசி முடிவு செய்து வைத்திருங்கள். நள்ளிரவில் பதறி நிற்கும் மகனோ மருமகளோ அதனைத் தனியே முடிவு செய்யும் நிலை வரலாகாது.

மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுங்காலம் கொள்வோர்க்கு வைட்டமின் பி12 குறையக்கூடும். புலால் உண்ணாதோர்க்கு அக்குறைபாடு ஏற்படும் வாய்ப்பு இயல்பாகவே கூடுதல். பரிசோதனை குறித்து மருத்துவரைக் கேளுங்கள்.

சொல்லாமல் விடவேண்டாம்

சமண நோயாளர் பலர் தம் நோன்பை மருத்துவரிடம் சொல்லக் கூசுகின்றனர். "நோய் வந்தபின்னும் நோன்பா?" என்று கடிந்துகொள்வாரோ என்ற அச்சமே காரணம். அதனால் இரவு மாத்திரையை நீரருந்தாமையால் சொல்லாமலே விட்டுவிடும் நிலையும் நேர்கிறது. மறைந்த நோன்பினால் வரும் தீங்கு, சொல்லப்பட்ட நோன்பினால் வருவதில்லை. பல மருந்துகளின் வேளையை மாலைக்கு முன்னோ காலைக்கோ மாற்றி அமைக்க இயலும். அதனை நீங்களே செய்யாமல் மருத்துவரைக் கொண்டு செய்ய வேண்டும்.

அடுத்த முறை வரும்போது, அல்லது உள்நோயாளராகச் சேரும் அன்றே, கீழ்க்கண்டவற்றை ஒரு தாளில் எழுதி உணவியலாளரிடம் தாருங்கள்:

- எந்தெந்தப் பொருள்களை உண்பதில்லை. கத்தரிக்காய், கீரை போன்றவற்றில் உங்கள் வீட்டு வழக்கம் என்ன?
- இரவு நீர் அருந்துவீர்களா, மாட்டீர்களா?
- கடைசி உணவு எத்தனை மணிக்குள் முடிய வேண்டும்?
- வரும் மாதங்களில் உண்ணாநோன்பு எதுவும் எண்ணியிருக்கிறீர்களா?
- இரவு வேளைக்கு எழுதப்பட்ட மாத்திரைகள் எவை?

இந்த ஐந்து விடைகளும் கையில் இருந்தால் உணவுக் குறிப்பை உங்கள் அடுக்களைக்கு ஏற்றவாறு எழுதித் தர இயலும். நோன்பு உங்களுடையது, அதனோடு இசையும் உணவையும் மருந்து வேளையையும் வகுத்துத் தருவது எங்கள் கடமை.